நட்சத்திரத்தின் கனமும் அணுவின் கணக்கும்

கல்கத்தாத் தமிழர்கள் வெளியிடும் மலர் எதை எடுத்துப் பார்த்தாலும் சர் சி.வி. ராமன் பெயர் ஒரு பக்கத்திலாவது இருக்கும். இருக்கவேண்டியதுதான். 1907-ல் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸ் உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்து, பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் காலையும் மாலையும் சோதனை செய்து, 1928 பிப்ரவரி 28-ல் உலகமே திரும்பிப் பார்க்கும்படி ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர். கூடவே நின்று உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். ஆனால் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அந்தக் காலத்தில் இந்த ஊரில் என்ன கேள்வியை வைத்துக்கொண்டு அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது.

அப்படிப்பட்ட கேள்விகளில் ஒன்றைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மிகக் கனமான ஒரு நட்சத்திரத்தின் மேல் ஓர் அணு இருக்கிறது. அந்த நட்சத்திரத்தின் ஈர்ப்பு விசை அணுவுக்குள் இருக்கும் ஆற்றல் மட்டங்களை மாற்றுமா, மாற்றாதா? இந்தக் கேள்வியின் வரலாற்றில் நம் கல்கத்தாவுக்கும் பங்கு உண்டு, நம் கோடைக்கானல் மலைக்கும் பங்கு உண்டு.

அணுவின் விலைப்பட்டியல்

முதலில் ஆற்றல் மட்டம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அணுவின் நடுவே கரு, அதைச் சுற்றி எலக்ட்ரான். இந்த எலக்ட்ரான் நினைத்த அளவு ஆற்றலை வைத்துக்கொள்ள முடியாது. மாடிப்படி போல, இந்தப் படி, அடுத்த படி என்றுதான் நிற்க முடியும். இரண்டு படிக்கு நடுவே நிற்க இடம் கிடையாது. இதை 1913-ல் நீல்ஸ் போர் சொன்னார். மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு எலக்ட்ரான் இறங்கும்போது, இரண்டு படிக்கும் உள்ள வித்தியாசம் ஒளியாக வெளியே வருகிறது. வித்தியாசம் இவ்வளவு என்றால் ஒளியின் நிறமும் இன்னதுதான். பேரமே கிடையாத கடை இது. ஹைட்ரஜன் என்றால் 6563 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஒரு சிவப்புக் கோடு. வந்தவாசியில் எரித்தாலும் அதுதான், படாபஜாரில் எரித்தாலும் அதுதான்.

சூரியனிலிருந்தும் நட்சத்திரங்களிலிருந்தும் வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் இதே கோடுகள் தெரிகின்றன. அங்கே இரும்பு இருக்கிறது, கால்சியம் இருக்கிறது என்று நாம் சொல்வதெல்லாம் இந்தக் கோடுகளை வைத்துத்தான். இப்போது கேள்வி: அங்கிருந்து வரும் கோடு, இங்கே நாம் எரித்துப் பார்க்கும் கோட்டோடு தலைமயிர் அளவும் பிசகாமல் ஒத்துப்போகிறதா?

ஒத்துப்போகக் கூடாது என்று 1907-லேயே ஐன்ஸ்டீன் எழுதினார். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாக ஓடும். அங்குள்ள அணுவின் துடிப்பும் நமக்கு மெதுவாகத் தெரியும். ஆகவே கோடு சிவப்புப் பக்கம் நகர்ந்து காணப்படும் என்றார். சூரியனுக்கு இந்த நகர்வு பத்து லட்சத்தில் சுமார் இரண்டு பங்கு. இன்னொரு விதமாகச் சொல்வதானால், சூரியன் மேற்பரப்பில் ஒரு கடிகாரத்தை வைக்க முடிந்தால், நம் கடிகாரத்தோடு பார்க்கையில் ஒரு வருஷத்துக்கு 67 வினாடி பின்தங்கும். இவ்வளவுதான். ஆனால் இந்த 67 வினாடியைப் பிடிக்க உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டது.

ராஜாபஜாரில் ஒரு மொழிபெயர்ப்பு

1914-ல் அஸ்திவாரம் போட்ட ராஜாபஜார் சயன்ஸ் காலேஜில் இரண்டு இளைஞர்கள் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தார்கள். மேக்நாத் சாகா, சத்யேந்திரநாத் போஸ். முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஜெர்மனியிலிருந்து புத்தகம் வருவது நின்றுபோயிருந்தது. சிப்பூர் இன்ஜினியரிங் காலேஜில் இருந்த புரூல் என்ற பேராசிரியரிடம் ஜெர்மன் மொழிப் புத்தகங்கள் இருந்தன. அவரிடம் இரவல் வாங்கிப் படித்தார்கள். சாகாவுக்கு ஜெர்மன் தெரியும், போஸும் கற்றுக்கொண்டார்.

1919 மே 29 கிரகணத்தில் எடுத்த படங்களை வைத்து, நட்சத்திர ஒளி சூரியனருகே வளைகிறது என்று அந்த நவம்பரில் லண்டனில் அறிவித்தார்கள். அதை ஜனங்களுக்கு விளக்கி கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் எழுதியவர் சாகா. மறு வருஷமே, 1920-ல், ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளையும் மின்கோவ்ஸ்கியின் கட்டுரையையும் சாகாவும் போஸும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, மகாலனோபிஸ் முன்னுரை எழுத, கல்கத்தாப் பல்கலைக்கழகம் புத்தகமாகவே போட்டுவிட்டது. 1916-ஆம் ஆண்டுப் பொதுச் சார்பியல் கட்டுரையை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் போஸ். ஆங்கிலம் தாய்மொழியான தேசங்கள் செய்வதற்கு முன்னால் இந்த வேலையை நம் ஊர் செய்துவிட்டது. போஸுக்கு அப்போது வயது 26, சாகாவுக்கு 27. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

ஐன்ஸ்டீன் கொள்கைக்கு அந்நாளில் மூன்று சோதனைகள் சொல்லப்பட்டன. புதன் கிரகத்தின் பாதை மெல்லத் திரும்புவது ஒன்று. ஒளி வளைவது இரண்டு. இந்தக் கோட்டு நகர்வு மூன்று. முதல் இரண்டும் தேறிவிட்டன. மூன்றாவதுதான் இழுபறி.

கோடைக்கானல் மலையில்

அந்த மூன்றாவது சோதனை நடந்த முக்கியமான இடங்களில் ஒன்று நம் மதுரைக்குப் பக்கத்து மலை. சென்னையில் இருந்த பழைய வானாய்வுக்கூடத்தின் வேலை 1899-ல் கோடைக்கானலுக்கு மாறியது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2340 மீட்டர் உயரம். 1907-ல் அங்கே வந்து சேர்ந்தவர் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர். 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். அதற்கு இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே பெயர். 1911 முதல் 1923 வரை அவரே இயக்குநர். ராய்ட்ஸ் என்பவர் அவருக்குத் துணை.

சூரியக் கோடுகள் சோதனைச்சாலைக் கோடுகளைவிடச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கின்றன என்பது ஐன்ஸ்டீனுக்கு முன்பே, 1890-களிலேயே தெரிந்த விஷயம். சூரியனில் அழுத்தம் அதிகம், அதனால்தான் என்று அப்போது காரணம் சொன்னார்கள். எவர்ஷெட்டும் ராய்ட்ஸும் கோடு கோடாக அளந்து பார்த்துவிட்டு, அழுத்தம் காரணமாக இருக்க முடியாது, அங்கே அழுத்தம் அவ்வளவு கிடையாது என்றார்கள். சரி, வாயு கீழே இறங்குவதால் இருக்கலாமோ என்று யோசித்தார் எவர்ஷெட். ஆனால் சூரிய வட்டத்தின் ஓரத்திலும் நகர்வு குறையவில்லை, கூடவே செய்தது. மேலும் கீழும் நடக்கிற ஓட்டம் ஓரத்தில் நமக்குப் பக்கவாட்டில் போகும். அதனால் நகர்வே வரக்கூடாது. அப்படியென்றால் சூரியனில் எந்தப் பக்கத்து வாயுவும் பூமியை விட்டு விலகி ஓடுகிறது என்று அர்த்தமாகிறது! பூமி என்ன சூரியனைத் துரத்தவா செய்யும்? கேட்பதற்கே விசித்திரம். ஆனாலும் மனுஷர் அதையும் விடவில்லை. வெள்ளிக் கிரகத்தின் மேல் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அளந்தால், பூமி பார்க்காத பக்கத்துச் சூரியனைப் பார்த்த மாதிரி ஆகுமல்லவா? அப்படியும் சோதித்தார்.

இதே சமயத்தில் அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் மலையில் செயின்ட் ஜான் என்பவர் 1917-ல் சயனோஜன் கோடுகளை அளந்து, ஐன்ஸ்டீன் சொன்ன நகர்வு இல்லை என்று வெளியிட்டார். எவர்ஷெட் அளந்த நகர்வோ கோட்டுக்குக் கோடு வேறாக இருந்தது. ஐந்து லட்சத்தில் ஒரு பங்கைத் தேடுகிற வேலை இது. அலைநீளம் 5000 ஆங்ஸ்ட்ராம் என்றால் நகர்வு ஒரு ஆங்ஸ்ட்ராமில் நூறில் ஒரு பங்குதான். 1920-களின் தொடக்கத்தில்தான் எவர்ஷெட், நகர்வுக்குப் பெரும்பகுதிக் காரணம் ஐன்ஸ்டீன் விளைவே என்ற முடிவுக்கு வந்தார். 1923-ல் செயின்ட் ஜானும் அந்தப் பக்கம் வந்துவிட்டார்.

எவர்ஷெட்டின் நேர்மையை இங்கே கவனிக்க வேண்டும். ஓரத்தில் தெரியும் நகர்வு கொஞ்சம் மிச்சமாக நிற்கிறது, கணக்கில் அடங்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். மிச்சத்தை மறைக்கவில்லை. பின்னாளில் காரணம் விளங்கியது. சூரியன் மேற்பரப்பு உலை மாதிரி கொதிக்கிறது. மேலே எழும்பும் சூடான வாயு அதிக ஒளி தருகிறது, நம்மை நோக்கி வருகிறது. அது கோட்டை நீலப் பக்கம் இழுத்து, ஐன்ஸ்டீன் நகர்வை வட்டத்தின் நடுவில் மறைத்துவிடுகிறது. ஈர்ப்பின் அளவை நொடிக்கு 633 மீட்டர் வேகத்துக்குச் சமம் என்று கணக்குச் சொல்கிறது. 2020-ல் சந்திரன் மேல் பட்டு வரும் சூரிய ஒளியை அளந்து வெளியிட்ட விடை 639, கூடக்குறைய 14.

கனம் வேலை செய்யும் இன்னொரு வழி

இதுவரை சொன்னது காலத்தின் வழியாக நடப்பது. ஈர்ப்பு வேறொரு வழியிலும் அணுவைத் தொடுகிறது. அது எடையின் வழி. இதைப் புரிந்துகொள்ள உதவியது சாகா 1920-ல் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு. ஒரு வாயுவில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்பதை வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்றார் சாகா. நட்சத்திரத்தின் ஈர்ப்பு அதிகமானால் மேலேயுள்ள வாயு கீழே உள்ளதை அமுக்கும், அழுத்தம் கூடும், அயனியாவது குறையும். நெருக்கமாக இருக்கும் அயனிகளும் எலக்ட்ரான்களும் பக்கத்து அணுவின் ஆற்றல் மட்டங்களை மின்விசையால் கலைக்கும்; கோடு அகன்று மங்கும். பெரிய ராட்சத நட்சத்திரத்தில் கோடு ஒல்லி, சிறிய கனமான நட்சத்திரத்தில் கோடு பருமன். கோட்டின் அகலத்தைப் பார்த்தே நட்சத்திரத்தின் ஈர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள். இதில் அணுவின் மட்டம் நிஜமாகவே மாறுகிறது. ஆனால் மாற்றுவது ஈர்ப்பு அல்ல, நெருக்கடி. ரதயாத்திரைக் கூட்டத்தில் சட்டை கசங்கினால் அது தேரின் குற்றமா?

இந்த நெருக்கடி எல்லை மீறினால் என்ன ஆகும் என்று பார்த்தவர் நம் சந்திரசேகர். ராமனுடைய அண்ணன் மகன். 1928 கோடையில், பதினேழு வயதில், கல்கத்தாவுக்குச் சித்தப்பாவின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து தங்கினார். காம்ப்டன் விளைவை நட்சத்திரத்தின் உள்பகுதியோடு பொருத்தி அவர் எழுதிய முதல் கட்டுரை அந்த வருஷமே இங்கிருந்து வந்த இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸில் வெளியானது. 1930-ல் பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்து போகிற வழியிலேயே, வெண்குள்ளன் எனப்படும் செத்த நட்சத்திரத்துக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்ற கணக்கைப் போட்டார். அந்த வரம்பு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1983-ல் நோபல் பரிசு வந்தது.

ஒத்துப்போன இரண்டு தப்புக் கணக்குகள்

வெண்குள்ளன்களில் பேர்பெற்றது சிரியஸ் பி. இரவு வானத்தில் மிகப் பிரகாசமான சிரியஸை வங்காளிகள் லுப்தோக் என்பார்கள். குளிர்காலத்தில் மைதானத்தில் நின்றால் நன்றாகத் தெரியும். அதற்கு ஒரு துணை உண்டு என்று 1844-ல் பெசல் கணக்கால் சொன்னார், 1862-ல் ஆல்வன் கிளார்க் கண்ணால் கண்டார். எடை கிட்டத்தட்ட சூரியன் அளவு, உருவமோ பூமி அளவு. அப்படியானால் அங்கே ஐன்ஸ்டீன் நகர்வு சூரியனைவிட நூறு மடங்குக்கு மேல் இருக்கவேண்டும்.

1924-ல் எடிங்டன் நொடிக்கு 20 கிலோமீட்டர் என்று மதிப்புப் போட்டு, மவுண்ட் வில்சனில் இருந்த ஆடம்ஸை அளக்கச் சொன்னார். 1925-ல் ஆடம்ஸ் 21 என்று விடை தந்தார். ஒரே கொண்டாட்டம். ஐன்ஸ்டீனும் சரி, வெண்குள்ளன் கொள்கையும் சரி என்று புத்தகங்களில் ஏறிவிட்டது.

ஆனால் இரண்டுமே தப்பு! சிரியஸ் பி-யின் வெப்பத்தை அந்நாளில் குறைத்து மதிப்பிட்டதால், அதன் உருவத்தை நிஜத்தைவிட மூன்று மடங்கு பெரிதாக எண்ணிவிட்டார்கள். எடிங்டனின் 20 அதனால் வந்தது. ஆடம்ஸ் எடுத்த படத்திலோ பெரிய சிரியஸின் ஒளி சிதறிக் கலந்திருந்தது. 1971-ல் கிரீன்ஸ்டீனும் கூட்டாளிகளும் மறுபடி அளந்தபோது 89 வந்தது. 2005-ல் ஹப்பிள் தொலைநோக்கி கொடுத்த விடை சுமார் 80. கொள்கையும் இப்போது அதையே சொல்கிறது. அதாவது அங்கே ஒரு கடிகாரம் வருஷத்துக்குச் சுமார் இரண்டேகால் மணி நேரம் பின்தங்கும்.

வியாபாரிக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை. பேரேடும் ரோக்கடாவும் ஒத்துப்போய்விட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று ஆகிவிடாது. இரண்டு பக்கமும் தப்பு விழுந்து ஒத்துப்போவதும் உண்டு. மிச்சம் ஒட்டவில்லை என்று எழுதிவைத்த கோடைக்கானல் கணக்கு, அழகாக ஒட்டிப்போன சிரியஸ் கணக்கைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

கோபுரத்தில் ஒரு சோதனை

சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை கடைசியில் பூமியிலேயே நடந்தது. 1960-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பவுண்டும் ரெப்காவும் 22.5 மீட்டர் உயரக் கட்டடத்தில் கீழுக்கும் மேலுக்கும் இரும்பின் காமாக் கதிரை அனுப்பிப் பார்த்தார்கள். வரவேண்டிய வித்தியாசம் ஆயிரம் கோடியின் லட்சம் மடங்கில் இரண்டரைப் பங்கு. பத்து சதவீதத் துல்லியத்தில் வந்தது. 2022-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்ட்ரான்ஷியம் அணுக்களை வைத்து, ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்திலேயே இதை அளந்துவிட்டார்கள். வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் இந்தக் காரணத்தால் ஒரு நாளைக்கு 45 மைக்ரோவினாடி முந்தும்; வேகத்தால் 7 குறையும்; மீதி 38-ஐத் திருத்தாவிட்டால் நம் டாக்சிக்காரர் போனில் லேக் மார்க்கெட்டே இடம்மாறிவிடும்.

2018 மே மாதத்தில் நம் பால்வீதியின் நடுவில், நாற்பது லட்சம் சூரிய எடை கொண்ட கருந்துளையை நெருங்கிப் போன எஸ்2 என்ற நட்சத்திரத்தின் ஹைட்ரஜன் கோட்டிலும் ஈர்ப்பும் வேகமும் சேர்ந்து உண்டாக்கும் நகர்வு, நொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர், கிடைத்தது. நியூட்ரான் நட்சத்திரத்தின் மேற்பரப்பில் கணக்கு இன்னும் பெரிது: இங்கே ஐந்து நாள் என்றால் அங்கே நாலு நாள்தான். 2002-ல் அப்படி ஒன்றின் கோட்டைப் பிடித்துவிட்டோம் என்றார்கள். பிறகு எடுத்த அளவைகளில் அந்தக் கோடு காணவில்லை.

அப்படியானால் அணு மாறுகிறதா?

தொடங்கிய கேள்விக்கு வருவோம். இதற்கு ஒரு தராசுக்காரன் பதிலே போதும். இரண்டு தட்டுத் தராசை எடுத்துக்கொண்டு கோடைக்கானல் போங்கள். ஒரு கிலோ பித்தளை அங்கேயும் ஒரு கிலோதான். ஏன்? படிக்கல்லையும் பித்தளையையும் ஒரே ஈர்ப்பு ஒரே மாதிரி இழுக்கிறது. ஸ்பிரிங் தராசைக் கொண்டுபோனால்தான், அதுவும் மிக நுட்பமானதாக இருந்தால், வித்தியாசம் காட்டும். காரணம், அது கீழ்நாட்டில் குறித்த கணக்கோடு ஒப்பிடுகிறது.

நட்சத்திரத்து அணுவும் அப்படியே. அங்கேயே ஒருவர் இருந்து, அங்கேயுள்ள கடிகாரத்தால் அளந்தால் ஹைட்ரஜன் கோடு அதே 6563 தான். கடிகாரமும் அணுவும் ஒன்றாகவே மெதுவாகின்றன. வெகுதூரத்திலிருந்து நாம் நம் கடிகாரத்தை வைத்துப் பார்க்கும்போதுதான் நகர்வு தெரிகிறது. மாறியது அணுவின் விலைப்பட்டியல் அல்ல. இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள நாணய மாற்று.

ஈர்ப்பு அணுவை நேரடியாகவே நசுக்காதா என்று கேட்கலாம். கருவின் பக்கத்தில் ஒரு இழுப்பு, எலக்ட்ரான் பக்கத்தில் சற்றே வேறு இழுப்பு இருந்தால்தான் நசுக்கும். அணுவோ ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அந்தத் தூரத்துக்குள் நியூட்ரான் நட்சத்திரத்தின் ஈர்ப்பில்கூட வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். 1980-ல் லியோனார்ட் பார்க்கர் என்பவர் இதைக் கணக்கிட்டார். இடவெளியின் வளைவு ஒரு மயிரிழை அளவுக்குச் சுருங்கினால்தான் அணுவின் மட்டங்கள் கலையத் தொடங்கும். அப்படிப்பட்ட வளைவை எந்த நட்சத்திரமும் தருவதில்லை.

ஆக மூன்று விடை. எடை வழியாக வரும் நெருக்கம் அணுவின் மட்டங்களைக் கலைக்கும். சாகாவின் வழி அது. காலத்தின் வழியாக வருவது அணுவைத் தொடாமல், நமக்கு வந்துசேரும் ஒளியை மட்டும் மாற்றும். ஐன்ஸ்டீன் சொல்லி, எவர்ஷெட் அளந்தது அது. நேரடியாக நசுக்குவது என்பது கணக்கில் உண்டு, நட்சத்திரங்களில் இல்லை.

ராஜாபஜாரில் பஸ்ஸில் போகும்போது பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடத்தைக் காட்டுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்க் கோடைக்கானல் ஏறினால் படகோடு திரும்பிவிடாமல் வானாய்வுக்கூடத்தையும் போய்ப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு முன் ஒரு மனுஷர் அங்கே உட்கார்ந்து, ஒட்டாத மிச்சத்தையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார் என்று சொல்லுங்கள். ராமன் பெயரோடு அதையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.